சர்க்கரை இல்லாத காபி
போர்ட் சயீத் தையல் ஆலையின் கண்ணாடி அறையில், முதலாளி ஹாஸிமுக்கு எதிரே கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கிறாள் இன்ஷிராஹ். அவள் விரலில் இன்னும் நூல் பிசிறு ஒட்டியிருக்கிறது. வெளியே தையல் மிஷின்கள் கடகடக்கின்றன. தொழிலாளிகளின் மனசைப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காபி வாங்கிக்கொடுக்கிறார் அவர். "எனக்குச் சர்க்கரை வேணாம் முதலாளி," என்கிறாள். துக்கம் காக்கிறவர்கள் இந்த ஊரில் இனிப்புக் காபி குடிப்பதில்லை. "ஏன்க்கா, உங்களுக்கும் சுகரா?" என்று சிரித்தவர், கற்றுவந்தபடியே அவள் கண்ணைப் பார்த்துத் தலையைச் சாய்க்கிறார். "ஆஸ்பத்திரியில இருந்தாரே வீட்டுக்காரர், இப்ப எப்படி இருக்காரு?" புதைத்த மண் இன்னும் காயவில்லை. அடக்கத்துக்கு லீவு கொடுத்ததே இவர்தான். அவள் மேஜையைப் பார்த்தபடி சொல்கிறாள்: "இப்ப வலி இல்ல முதலாளி." "அல்ஹம்துலில்லாஹ்!" ஹாஸிமின் முகம் மலர்கிறது. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்: "அக்காவுக்கு நல்லா இனிப்பாவே ஒரு காபி கொண்டாப்பா!"