கார்ன் வென் மலைக்கு ஒரு கையெழுத்து

"நில்லுங்க மேடம்! நில்லுங்க!"

நாலு சக்கரப் பைக் ஒன்று உறுமிக்கொண்டு வந்து மலைப்பாதையின் குறுக்கே நின்றது. இறங்கியவர் ஹாடன். கார்ன் வென் மலையைப் பண்ணையோடு சேர்த்துப் போன வசந்தத்தில் வாங்கியவர்.

"விரட்ட வந்தீங்களா?" என்றாள் மலையேறிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரி லோரி, இடுப்பில் கை வைத்து.

"ஐயையோ, இல்லை!" ஹாடன் முகமெல்லாம் சிரிப்பு. "தாராளமா மேலே போங்க. 'உரிமையாளர் அனுமதியோட ஏறுறேன்'னு இந்த நோட்டுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

"முடியாது. இன்னிக்கு நான் உச்சிக்குப் போய்த்தான் ஆகணும். கையெழுத்துப் போடாமத்தான் போவேன்."

கார்டிஃப் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்து, கூடவே ஏறிக்கொண்டிருந்த தங்கை மாரெட் கூச்சத்தில் நெளிந்தாள். "அக்கா, கையெழுத்துதானே கேட்கிறார், சொத்தையா கேட்கிறார்?"

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் ஹாடன். "இறங்கி வரும்போது நம்ம வீட்டுல டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"டீ என் பிளாஸ்க்ல இருக்கு. கொஞ்சம் நகருங்க, கடலை மறைக்கிறீங்க."

"அவ கிடக்கிறா, நான் போடறேன் சார்" என்று மாரெட் பேனாவை வாங்கினாள்.

மறுகணம் பேனா முட்புதருக்குள் பறந்தது. லோரி எறிந்த வேகத்தில் அவளுடைய தொப்பியே கழன்று விழுந்தது.

முதல் முறையாக ஹாடன் முகத்தில் சிரிப்பு இல்லை. "வருத்தப்படுவீங்க, மேடம்."

"பார்க்கலாம்!" தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள் லோரி.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மூன்று பக்கமும் கடல். தூரத்தில் என்லி தீவு, முதுகை மட்டும் காட்டிப் படுத்திருந்தது. மாரெட் எதையும் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எவ்வளவு தன்மையா பேசினார் அந்த மனுஷன்! நாளைக்கே அவர் கோபத்துல கேட்டைப் போட்டுப் பூட்டிட்டா, ஊர்ல ஒருத்தரும் இங்கே ஏற முடியாது. எல்லாம் உன் திமிராலே!"

லோரி திராட்சை ரொட்டியைப் பிட்டுப் பாதியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"பழைய பாதை கடல்ல சரிஞ்சு, ஊர் இந்த வழியா ஏற ஆரம்பிச்சு இன்னியோட இருபது வருஷம்டி. யார்கிட்டயும் அனுமதி வாங்காம அத்தனை வருஷம் நடந்தா சட்டப்படி இது ஊர்ப் பாதை. அந்த நோட்டுல ஒரு கையெழுத்து விழுந்திருந்தா, அவர் பாதை!"