நல்ல தலை

“உள்ளே வாங்க சம்பந்தி.”

“வர்றதுக்கில்லை,” என்றார் வேலாயுதம். வாசற்படியைத் தாண்டவே இல்லை.

மகள் குழலியின் முகூர்த்தப் பட்டுப் புடவையை நெய்துகொண்டிருந்த பரமசிவம், தறியை விட்டு எழுந்து வந்தார். வேலாயுதம் மாப்பிள்ளையின் அப்பா.

“அடிக்கடி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கீங்களாமே? ஏதோ புது மிஷினாம். தலையிலே ஒயர் வெச்சு மூளையைப் படம் எடுக்குதாம். பெரிய காஞ்சிபுரம் பூரா இதே பேச்சா இருக்குது.”

“ஆமாங்க.”

“என்ன வியாதி?”

“ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கிறவங்க தலைதான் வேணும்னாங்க. ஒரே தலையைத் திரும்பத் திரும்ப எடுத்து, படம் ஒரே மாதிரி வருதான்னு பார்க்கறாங்க. எனக்கே மாறி மாறி வந்தா, நோயாளிக்கு வர்றதை எப்படி நம்பறது?”

வேலாயுதம் சிரித்தார். “நல்லா இருக்கிறவன் எவனாவது தறியை நிறுத்திட்டு ஒயர் மாட்டிக்கப் போவானா? மூளைக் கோளாறு இருக்கிற குடும்பத்திலே நான் பொண்ணு எடுக்கணுமா?”

பரமசிவத்தின் மனைவி தில்லையம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

“வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன். பொண்ணு வாழ்க்கைங்க!”

“நீ சும்மா இரு,” என்றார் பரமசிவம். தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

“ஏதோ மறைக்கறீங்க,” என்றார் வேலாயுதம். “நிச்சயத்தை இதோட முறிச்சுக்கலாம்.”

வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தான் மாப்பிள்ளை ராஜவேலு. மூச்சு வாங்கியது.

“நீ இங்கே கிளம்பி வந்துட்டேன்னு அம்மா சொன்னாங்கப்பா. என்ன பேசினே?”

“மூளை நோவை மறைச்சு நம்மளை ஏமாத்தப் பார்த்தாங்க. முடிச்சுட்டேன். வாடா போகலாம்.”

ராஜவேலு பரமசிவத்தைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இல்லை மாமா, போதும்.” அப்பாவிடம் திரும்பினான். “எனக்கு வலிப்பு வர்றதைக் கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடாதேன்னு சொன்னியே, நான் குழலிகிட்டேயும் இவங்ககிட்டேயும் முன்னாடியே சொல்லிட்டேம்பா.”

வேலாயுதம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சுமா... பொண்ணு தர்றாங்க?”

“தர்றாங்க. அந்த மிஷின்லே என் மூளைப் படம் இப்ப நல்லா வருது. அதை நம்பி மாத்திரையைக் குறைக்கலாமான்னு டாக்டருக்குத் தெரியணும். அதுக்குத்தாம்பா மாமா தன்னோட நல்ல தலையைக் கொடுத்துட்டு, ஊர்கிட்டே பைத்தியம்னு பேர் வாங்கிக்கினு இருக்காரு.”