பனிமலைக்கு எடை கேட்கிறார்கள்

"உன் வெயிட் எவ்வளவு?"

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

அவள் எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காயை முழுதாக நறுக்கி முடித்தாள். காம்பை ஒதுக்கினாள்.

"எதுக்கு?"

பனிச்சறுக்குப் பலகைக்கு என்றான். ஜப்பானில், மலை அடிவாரத்தில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். உயரம், ஷூ அளவு, எடை எல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆள் விழுந்தால் பலகை காலை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் முறியும். எவ்வளவு அழுத்தத்தில் விட வேண்டும் என்று எடையை வைத்துத்தான் முடுக்கி வைப்பார்களாம்.

விவரமாகத்தான் சொன்னான். எப்போதும் அப்படித்தான். ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்க்காத கோயம்புத்தூர்க்காரன், நாகானோ மலையில் எந்த வாரம் பனி பொடியாக இருக்கும் என்று மனப்பாடமாக ஒப்பிப்பான். மார்ச் வரைக்கும் தாங்குமாம்.

திரையில் மலை வெள்ளையாக இருந்தது. மரங்களும் வெள்ளை.

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழகாக இருக்கிறது என்றுகூடத் தோன்றவில்லை.

பொங்கலுக்கே போயிருக்க வேண்டியது.

டிக்கெட் போடப்போகிற சமயத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் மலை ஏறக் கூடாது. கடல் தாண்டக் கூடாது. ஜப்பான் பனிமலை என்றால் ஒரே டிக்கெட்டில் இரண்டும்.

சவரமும் செய்யக் கூடாது.

அவன் சிரித்தான். என்ஜினியரிங் படித்தவன். பம்பு கம்பெனியில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கிறவன். சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து தாடி விட்டான். ஆபீஸில் சாமியார் என்று கூப்பிட்டார்கள். அதையும் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான்.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை அதில் ஏற்றுவான். குனிந்து பார்த்து, அடுப்படியில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கேட்கும்படி கிரிக்கெட் ஸ்கோர் போலக் கத்துவான்.

கடைசியாகக் கத்தியது அறுபத்தி நாலு.

அது ஐந்தாம் மாதம்.

அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். உள்ளே துடிப்பு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவன் "சரிங்க" என்றான். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

இப்போது எதற்கும் தடையில்லை.

அத்தைதான் பேச்சை எடுத்தார். "ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்க கண்ணு. அந்தப் பனிமலைக்குத்தான் போங்களே." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலைக்கும் கடலுக்கும் அவரே வழிவிட்டுவிட்டார்.

மறுநாளே அவன் பழைய பக்கத்தைத் திறந்துவிட்டான்.

எவ்வளவு சீக்கிரம் என்று நினைத்தாள். கோபம் வந்தால் நன்றாக இருக்கும். அதுவும் வரவில்லை. இவன் குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். நான் மட்டும்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதைப் போலத்தான் அதையும் நினைத்தாள்.

"பாத்துட்டு வந்து சொல்றேன்."

கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

மெஷின் கூடத்துக் குளியலறையில், கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் இந்தக் குளியலறைக்கு வந்து நாளாகிறது. படுக்கையறையை ஒட்டிய குளியலறையோடு சரி. மெஷினைக் காலால் நகர்த்திக் கீழே கிடத்தினாள். ஏறி நின்றாள்.

அறுபதைத் தொடவில்லை.

அவன் தாடி விடுவதற்கு முன்பிருந்த எடை. மெஷினைக் கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை.

இறங்கினாள். அப்போதுதான் வாஷ்பேசினைப் பார்த்தாள்.

புது ரேசர். அட்டையைக் கிழித்து எடுத்திருந்தான். பிளேடு மேல் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. பக்கத்தில் சவரக் கிண்ணம். பிரஷ் காய்ந்து விறைத்திருந்தது.

கிண்ணத்தில் பழைய நுரையின் மேல் அடுத்த நாள் நுரை காய்ந்திருந்தது. அதன் மேல் இன்னொரு நாளினுடையது.

குழாயைத் திறந்தாள். மூடினாள். கிண்ணத்தைக் கழுவவில்லை.

திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் இருந்தான். திரையின் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. தாடி கழுத்துவரை இறங்கிக் கிடந்தது. இத்தனை நாளும் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள்.

அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அறுபத்தி நாலு" என்றாள்.

அவன் விரல்கள் அந்தரத்தில் நின்றன. காலையிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

பிறகு ஆறை அழுத்தினான்.

நாலை அழுத்தினான்.