எட்டு நாள் தீட்டு

“செல்லீ, உம் புருசன் ஊர்க் கெணத்துல எறங்கிட்டாண்டி! புளியமரத்துல கட்டி வெச்சி அடிக்கறாங்க!”

பக்கத்துக் குடிசை குள்ளம்மாள் கத்திய கத்தலில், செல்லியின் கையிலிருந்த முறம் நழுவிக் கேழ்வரகெல்லாம் சிதறியது. போட்டது போட்டபடி ஓடினாள்.

சேரிக்காரன் நிழல் பட்டாலே முகம் சுளிக்கிற ஊர் அது. அந்த ஊரின் குடிதண்ணீர்க் கிணற்றில், பெண்கள் குடமும் கையுமாக வந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்கள் கண்ணெதிரே படியிறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறான் மாது. நின்றதோடு விட்டானா? சாவகாசமாகக் கைகால் வேறு கழுவியிருக்கிறான்.

மாது, சுரங்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நல்லம்பள்ளிக்கு மேற்கே கரட்டுக் குன்றில் தங்கம் இருக்கிறதென்று யாரோ சொல்லப்போய், ஒரு வெள்ளைக்காரத் துரை மூன்று வருஷமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். தங்கம் கிடைத்ததோ இல்லையோ, மாதுவுக்குக் கூலி கிடைத்தது. போன மாதம்தான் குடிசைக்குப் புதுக்கூரை போட்டார்கள்.

செல்லி போய்ச் சேர்ந்தபோது அடி ஓய்ந்து பஞ்சாயத்து ஆரம்பித்திருந்தது. மாதுவின் உதடு கிழிந்திருந்தது.

“எதுக்குடா எறங்கின?” என்றார் மணியக்காரர்.

மாது தலையைக் குனிந்துகொண்டான்.

“விடியறப்பவே எங்கிட்ட வந்து என்னமோ ஒளறினான். அப்பவே நல்ல வெறி” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் மணியக்காரர்.

மாது கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன் என்பது செல்லிக்குத் தெரியும். அவள் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

கிடங்கில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வெங்கடாசலம் முன்னால் வந்தார். “இந்த மாதிரி ஆளுங்களை வெச்சிருந்தா சுரங்கத்துக்குத்தான் கெட்ட பேரு. இன்னியோட இவனுக்கு வேலை கெடையாதுங்க” என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

தீர்ப்புக்கு நேரம் பிடிக்கவில்லை. கிணற்றை அடிமண் தெரிய இறைத்துக் கொட்ட வேண்டும். பூசை போட்டு, எட்டு நாள் தீட்டுக் கழித்துத்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். அதுவரை ஊருக்குக் கோயில் கிணறு. மாதுவும் பெண்டாட்டியும் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டே போய்விட வேண்டும்.

அப்போதுதான் மாது தலையை நிமிர்த்தினான்.

“சாமி, எறைக்கற தண்ணிய வாய்க்கால்ல வுடாதீங்க. ஆடு மாடு குடிச்சிடும்.”

ஊரே சிரித்தது.

“பாத்தீங்களா, தன் காலு பட்டது மாட்டுக்குக்கூட ஆவாதுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்குது!” என்றார் ஒருவர்.

“சரி, கரட்டுக்கு அந்தாண்ட பாழுங்குழியில வுடுங்க” என்றார் மணியக்காரர்.

ரைட்டர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டிபானை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு செல்லி ஊரெல்லை தாண்டினாள். தன் அக்காள் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் கால் வைத்ததும் குமுறிவிட்டாள்.

“நமக்குத்தான் தனி ஊத்து இருக்குதே! அவங்க கெணத்துல உனக்கென்னய்யா வேலை? வூடும் போச்சி, வேலையும் போச்சி. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லு!”

மாது சொன்னான்:

“கெடங்குல தங்கத்தப் பிரிக்கற சயனைடுன்னு ஒரு வெள்ளை மருந்து இருக்குதில்ல? ஒரு சிட்டிகை போதும், ஆளையே முடிச்சிடும். அதுல மூணு டின்னு துருப்பிடிச்சி ஓட்டையாப் போச்சி. ஊருக்கு அந்தாண்ட ஆழமாக் குழி வெட்டிப் பொதைக்கச் சொன்னாரு தொரை. அவ்ளோ தூரம் யாரு போறதுன்னு, ரைட்டரு கெணத்து மேட்டுப் பள்ளத்துலயே உருட்டி வுடச் சொல்லிட்டாரு. எங்கையாலதான் உருட்டினேன்.”

“அப்புறம்?”

“நேத்து மழையில பள்ளம் ரொம்பிக் கெணத்துக்குள்ள வடிஞ்சிருக்குது. காலையில பாக்கறேன், பள்ளத்தோரம் மூணு காக்கா செத்துக் கெடக்குது.”

“ஐயோ! இத மணியக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“ஓடிப் போயிச் சொன்னேன். ரைட்டரக் கூப்புட்டுக் கேட்டாரு. ‘எல்லாத்தையும் பொதைச்சாச்சி, இவன் பொய் சொல்றானுங்க’ன்னுட்டாரு. அதுக்குள்ள பொம்பளைங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க.”

செல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

மாது கிழிந்த உதட்டைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டான்.

“எம் பேச்சைத்தான் நம்பல, செல்லி. எங்காலு பட்ட தண்ணிய மட்டும் ஒருத்தரும் குடிக்க மாட்டாங்கன்னு தெரியும். அதான் எறங்கினேன்.”