கண் திறக்காத படகு

குருட்டு டிராகன் ஒன்றுக்கு ஒரே நிமிஷத்தில் பார்வை கொடுத்தவன் நான். எந்தக் கண் டாக்டரும் இதுவரை செய்ததில்லை.

ஊரே நம்பியது. என் மனைவி மட்டும் நம்பவில்லை.

அவள் அப்போது என் மடியில்தான் கிடந்தாள்.

ஆற்றுவெள்ளம் ஊருக்குள் புகுந்த இரண்டாம் நாள் காலை. கீழ்வீடு முழுக்கத் தண்ணீர். மாடி ஜன்னல் வழியாக அவளை முன்கூரைக்கு இழுத்து வந்திருந்தேன். இன்ஹேலரில் மருந்து தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் நெஞ்சு விசிலடித்தது. எங்கள் ஊர் ரயில்கூட அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

பிறகு விசில் மெலிந்தது.

அதுதான் பயமாக இருந்தது.

தெருமுனையில் முரசு கேட்டது.

தண்ணீரின்மேல் ஒரு டிராகன் தலை திரும்பியது. பச்சை உடம்பு. தங்கக் கொம்பு. யானை நுழையும் வாய். பின்னால் நாற்பது துடுப்புகள்.

சரி, இருபது.

சீனர் சங்கத்துப் பந்தயப் படகு. அவர்களின் தாத்தாக்கள் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் தொடங்கிய சங்கம். வெள்ளம் வந்தால் வீடு வீடாக அரிசி கொண்டுபோவார்கள். யார் வீடு என்று கேட்பதில்லை.

முரசடித்தவர் ஆ கூன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மீன் விற்றவர். எங்களோடு பேரம் பேசியே தமிழ் கற்றவர். எங்களுக்கு அவர் 'தவுக்கே', அதாவது முதலாளி.

"அண்ணே, அரிசி அப்புறம்! அக்காவ மொதல்ல குடு! கிளினிக் போலாம்!"

படகு கூரையை உரசி நின்றது. இரண்டு பேர் கை நீட்டினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"என்ன தவுக்கே, உங்க டிராகனுக்குக் கண்ணையே காணோம்?"

நீட்டிய கைகள் மடங்கின.

ஆ கூன் முன்னால் ஊர்ந்துபோய் எட்டிப் பார்த்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் முட்டைபோல இரண்டு வெள்ளை வட்டங்கள்.

பழைய படகை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. புதியதை அவசரத்தில் இறக்கிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனுக்கு டிராகனின் பிடரிதானே தெரியும்? கண் திறக்கும் சடங்கு ஞாயிற்றுக்கிழமை. அதற்கான சிவப்பு மை சங்கத்து அலமாரியில், தண்ணீருக்கடியில்.

அவர் முகம் வெளுத்தது.

"கண்ணு தொறக்காத படகு வழி பாக்காது அண்ணே. அரிசி போனா போகட்டும். அக்கா போனா?"

"வேற படகு?"

"சாயங்காலந்தான்."

அவள் உதடு நீலமாகியிருந்தது.

கோயில் சிலைக்குக் கண் திறக்கும்வரை கும்பிடாமல் கைகட்டி நின்றவன் நான். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

இருபது பேரும் அவளையே பார்த்தார்கள். ஒரு துடுப்பும் அசையவில்லை.

விசில் நின்றுவிட்டது.

அவள் தலையை ஓட்டின்மேல் இறக்கி வைத்துவிட்டு ஜன்னலுக்குள் பாய்ந்தேன். அறுபத்தெட்டு வயதில், புலிபோல. சாமி மாடத்தில் அவளுடைய குங்குமச் சிமிழ் இருந்தது.

"இதுவும் செவப்புதான்."

ஆ கூன் சிமிழைப் பார்த்தார்.

"சாமிக்கு வெக்கிறதா?"

"சாமிக்கும் வெக்கிறது. அவளுக்கும் வெக்கிறது."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார்.

"நீயே வையி. சீக்கிரம்!"

கூரை விளிம்பில் குப்புறப் படுத்தேன். வெள்ளத் தண்ணீரில் குங்குமத்தைக் குழைத்தேன்.

வலது கண்.

படகு ஆடியது.

இடது கண்.

அவளைப் படகில் இறக்கினோம். முரசு இடித்தது.

அந்த வேகத்தில் எங்கள் தெரு பின்னால் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பிச்சை வாங்க வேண்டும். ஒரு கையால் அவளைப் பிடித்திருந்தேன். மறு கையில் டிராகனின் கொம்பு. அவள் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் பிழைத்தாள்.

பிழைத்ததும் முதல் வேலையாக என்னைப் பொய்யனாக்கினாள்.

"இந்தாளு கதைய நம்பாதீங்க," என்று வார்டு முழுவதற்கும் சொன்னாள். "தீயணைப்புக்காரங்க ரப்பர் படகுல தூக்கிட்டு வந்திருப்பாங்க. முப்பத்தாறு வருஷமா என் நெத்தியில ஒரு பொட்டு நேரா வெக்கத் தெரியல. டிராகனுக்குக் கண்ணு வெச்சாராம்!"

ஆ கூன் வந்து சாட்சி சொன்னார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அவரையும் நான் சேர்த்துக்கொண்டேனாம்.

தண்ணீர் வடிந்து இரண்டு மாதம் கழித்து, சங்கத்துப் படகுத்துறைக்கு அவளை அழைத்துப் போனேன். அன்று எங்கள் கல்யாண நாள். காலையில் பொட்டு நான்தான் வைத்தேன்.

பச்சை டிராகன் கரையில் கிடந்தது. கண்களை யாரும் திருத்தவில்லை. அழியாமல் இருக்க மேலே வார்னிஷ் மட்டும் பூசியிருந்தார்கள்.

அவள் அதன் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

அவள் கை தன் நெற்றிக்குப் போனது.

"எடது கண்ணு எறங்கியிருக்கு," என்றாள்.

மூச்சை ஆழமாக இழுத்து விட்டாள்.

"உங்க கைதாங்க."