பதினேழாம் நம்பர் விடைத்தாள்

"பேரை மறைச்சுட்டு நம்பரை மட்டும் போட்டுத் திருத்தக் கொடுத்தா எனக்குத் தெரியாதா மேடம்? பதினேழாம் நம்பர் ஒரு பையன்தான்!" என்று விடைத்தாளை ஆட்டினார் கணக்கு வாத்தியார். "ஒரு பக்கக் கணக்கை நாலே வரியில ஊதித் தள்ளிட்டான். பொண்ணுங்களுக்கு ஏது இந்த மூளை?"

தலைமையாசிரியை சிரித்தார். "அப்போ பதினொண்ணாம் வகுப்புல கணக்குப் பிரிவு கொடுத்துடலாமா?"

"இதையெல்லாம் கேக்கணுமா?"

"அப்பா ஒத்துக்கலையே. கணக்கே வேண்டாம்னு லெட்டர் கொடுத்திருக்காரு."

"எந்த மடையன் அவன்? வரச் சொல்லுங்க. நறுக்குனு நாலு கேள்வி கேக்கறேன்!"

"தாராளமா கேளுங்க சார்" என்று அந்தக் கடிதத்தை நீட்டினார் தலைமையாசிரியை.

'என் மகளுக்குக் கணக்கெல்லாம் ஏறாது. மனையியல் போதும்' என்றிருந்தது.

கீழே, போன வாரம் கணக்கு வாத்தியாரே போட்ட கையெழுத்து.