ஐந்தாவது ஆள்

மேடையை விட்டு இறங்கியதும் முகாம் ஊழியர் ஒருவர் கவரைத் திருப்பிக் கேட்டார்.

"குடுத்துருங்க மேடம். அது வேற ஒருத்தரோடது."

கொடுத்துவிட்டாள்.

கால் மணி நேரம் முன்பு இதே ஆள்தான் ஓடி வந்து கெஞ்சினார். வேலைவாய்ப்பு முகாமைத் தொடங்கிவைக்க வந்த அமைச்சர் ஐந்து பேருக்குப் பணி ஆணை கொடுத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டுமாம். ஐந்தாவது ஆள் வந்து சேரவில்லை. முன்வரிசையில் இவள்தான் படத்துக்கு எடுப்பாக உட்கார்ந்திருந்தாள். சும்மா வந்து நின்றால் போதும் என்றார்கள். நின்றாள். கை தட்டினார்கள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கே சந்தோஷமாக இருந்தது, வெட்கக்கேடு.

நேர்காணலே ஆரம்பிக்காத முகாமில் ஐந்து பேருக்கு எப்படி வேலை கிடைத்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

இந்த வருடத்தில் இது ஆறாவது முகாம். அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து வயது முடிகிறது. அதற்குப் பிறகு எந்த மேசையிலும் அவள் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். இரண்டு வருடமாக அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். போன வாரம் அண்ணி, இவள் காதில் விழும்படியே, அந்த அறையை யாருக்காவது வாடகைக்கு விடலாமா என்று கேட்டாள்.

வரிசையில் நின்றாள்.

நூற்பாலை ஒன்றில் அலுவலக வேலை. முன்னால் நாற்பது பேர். மின்விசிறி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. கால் கடுத்துப் போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் முறை வந்தது.

மேசையில் இருந்தவர் பயோடேட்டாவை வாங்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்குத்தான் மேடையிலயே குடுத்தாச்சேங்க. இல்லாதவங்களுக்கு வழி விடுங்க."

பின்னால் நின்றவர்கள் அதுதானே என்றார்கள்.

நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. பையில் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழும் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ். வேலை கிடைக்கவில்லை என்பதற்கு மட்டும் ஒரு தாளும் இல்லை.

வெளியே வந்தபோது போன் அடித்தது.

அண்ணி. உள்ளூர் டிவியில் பார்த்துவிட்டாளாம். தெரு முழுக்கச் சொல்லியாயிற்றாம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணு என்று கூப்பிட்டாள். அண்ணனைக் கறி வாங்க அனுப்பியிருக்கிறாளாம். எப்போது சேரச் சொன்னார்கள் என்று கேட்டாள்.

இந்தக் குரலை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"திங்கக்கிழமைங்க அண்ணி."

அன்று சனிக்கிழமை.

போனைப் பைக்குள் போட்டாள். வண்டியில் போகும் பெண்கள் வெயிலுக்குக் கட்டுவதுபோலத் துப்பட்டாவைத் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டினாள். கண் மட்டும் தெரிந்தது.

திரும்ப உள்ளே போய், பக்கத்து வரிசையின் கடைசியில் நின்றாள்.